எரெடிவிசி அரங்குகள் எப்படி நிறைந்தன, இனியும் நிறையுமா?

கேள்வி இதுதான்: "நெதர்லாந்தின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான எரெடிவிசியில் நல்ல ஆட்டக்காரர்கள் இருபது, இருபத்தொரு வயதிலேயே இங்கிலாந்துக்கோ ஜெர்மனிக்கோ போய்விடுகிறார்கள். டிவி வருமானமும் குறைவு. அப்படியிருந்தும் அரங்குக்கு வரும் கூட்டம் எப்படி வளர்ந்தது? இனியும் வளருமா?"

நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தால் கூட்டம் வரும், போய்விட்டால் கூட்டமும் போய்விடும் என்ற எண்ணம் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நெதர்லாந்தின் கதை அதற்கு நேர் எதிராக ஓடியது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டச்சுக் கால்பந்து உலகின் உச்சியில் இருந்த காலம் எது? 1970இல் ரோட்டர்டாம் நகரத்து ஃபெயனோர்ட், கிளப்களுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்றது. 1971, 72, 73 மூன்று ஆண்டுகளும் ஆம்ஸ்டர்டாம் நகரத்து அயாக்ஸ் வென்றது. 1988இல் ஐந்தோவன் நகரத்து பிஎஸ்வி வென்றது. அதே கோடையில் நெதர்லாந்து தேசிய அணி ஐரோப்பிய சாம்பியன் ஆனது. இதைப் படிப்பவர்கள் அந்தக் காலத்து உள்ளூர் அரங்குகள் பிதுங்கி வழிந்திருக்கும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. 1980களில் எரெடிவிசி ஆட்டம் ஒன்றுக்குச் சராசரியாகப் பத்தாயிரம் பேர்கூட வரவில்லை. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் சிலர் தங்கள் ஊரில் அரைகுறையாக நிறைந்த கேலரிகளுக்கு முன்னால்தான் ஆடினார்கள்.

காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. அரங்குகள் பழையவை. பெரும்பகுதி நின்று பார்க்கும் படிக்கட்டுகள்; பல இடங்களில் மேலே கூரை கிடையாது. வடகடல் காற்றும் மழையும் அடிக்கும் ஒரு நாட்டில், நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் நனைந்துகொண்டு நிற்க எத்தனை பேர் வருவார்கள்? அதற்கு மேல் வன்முறை. 1989ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் அயாக்ஸும் ஆஸ்திரியா வியன்னாவும் மோதிய ஆட்டத்தில், கேலரியிலிருந்து வீசப்பட்ட இரும்புக் கம்பி எதிரணி கோல்கீப்பர் மேல் பட்டது. ஆட்டம் நின்றது, ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து அயாக்ஸ் விலக்கப்பட்டது. அடுத்த மாதமே அயாக்ஸ்-ஃபெயனோர்ட் ஆட்டத்தில் கூட்டத்துக்குள் வீட்டில் செய்த குண்டுகள் வீசப்பட்டு, பலர் காயமடைந்தார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கால்பந்து பார்க்கப் போவது என்பதையே அன்றைய பெற்றோர் யோசிக்க மாட்டார்கள்.

திருப்பம் 1990களின் நடுவில் வந்தது. இதில் ஒரு கால ஒற்றுமையைக் கவனிக்க வேண்டும். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் தீர்ப்பை அளித்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் பழைய கிளப்புக்குப் பணம் எதுவும் தராமல் போகலாம் என்றானது; ஐரோப்பிய ஒன்றியத்து ஆட்டக்காரர்களுக்கு இருந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடும் நீங்கியது. அந்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் (பழைய ஐரோப்பியக் கோப்பையின் புதுப் பெயர்) வென்றிருந்த அயாக்ஸ் அணி சில வருடங்களுக்குள் மிலான், பார்சிலோனா, ஜுவென்டஸ் என்று சிதறிப்போனது. டச்சு லீக்கின் தரம் அதன்பின் பழைய உயரத்தைத் தொடவே இல்லை. ஆனால் கூட்டம் ஏறத் தொடங்கியது சரியாக அந்தக் கட்டத்தில்தான். 2000களின் முடிவில் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரி 19 ஆயிரத்தைத் தாண்டியது. ஆட்டக்காரர்கள் வெளியே போன அதே வருடங்களில் பார்வையாளர்கள் உள்ளே வந்தார்கள்.

என்ன மாறியது? உட்காரும் இடம் மாறியது. 1994இல் ஹேரன்வேன், 1996இல் அயாக்ஸ், அதே ஆண்டு பிரெடா நகரத்து என்ஏசி, 1998இல் ட்வென்டேயும் விட்டேஸும், 2006இல் க்ரோனிங்கனும் ஆல்க்மார் நகரத்து ஏசட்டும் புது அரங்குகளுக்குக் குடிபெயர்ந்தன. ஃபெயனோர்டின் பழைய அரங்கம் 1994இல் பெரிதாகப் புதுப்பிக்கப்பட்டது. அயாக்ஸ் சாம்பியன்ஸ் லீக் வென்றபோது அதன் சொந்த மைதானமான டி மேரில் கொள்ளளவு இருபதாயிரம் அளவுதான். பெரிய ஆட்டம் என்றால் ஒலிம்பிக் அரங்கத்தைத்தான் நாட வேண்டும். 1996இல் திறந்த புது அரங்கம் ஐம்பதாயிரத்துக்கு மேல் கொண்டது. தொடக்க வருடங்களில் உயர்ந்த கேலரிகளின் நிழலில் புல் வளராமல் திரும்பத் திரும்பப் பெயர்த்துப் போட வேண்டியிருந்தது. அதனால் கூட்டம் குறையவில்லை. இருக்கை, கூரை, சுத்தமான கழிப்பறை, ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம், பிள்ளைகளுக்கென்று தனிக் கேலரி: இவைதான் புதிய கூட்டத்தை உள்ளே கொண்டுவந்தன.

இடம் மட்டும் இருந்தால் போதாது என்பதும் உண்மை. அதற்கு ஹேரன்வேனைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். இந்த லீக்கில் எனக்கு மிகவும் வியப்பளிக்கும் கிளப் அதுதான்.

ஹேரன்வேன், வடக்கே ஃப்ரிஸ்லாந்து மாகாணத்தில் உள்ள ஓர் ஊர். ஊரில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர். சுற்றுக் கிராமங்களைச் சேர்த்த நகராட்சி முழுவதும் ஐம்பதாயிரம் பேர். அங்கே இருபத்தாறாயிரம் பேர் அமரும் அரங்கம் நிற்கிறது. ஊரில் உள்ள எல்லாரையும் கூட்டி உட்கார வைத்தாலும் அதிகம் மிச்சமிருக்காது! 1994இல் திறந்தபோது அது பதினான்காயிரம் சொச்சம்தான். பிறகு கட்டம் கட்டமாகப் பெரிதாக்கினார்கள். பெயர் ஆபே லென்ஸ்ட்ரா அரங்கம். 1950இல் அயாக்ஸுக்கு எதிராக 1-5 என்று பின்தங்கியிருந்து 6-5 என்று வென்றதே ஹேரன்வேன், அந்த அணியின் நாயகன் லென்ஸ்ட்ரா.

1983 முதல் 2006 வரை கிளப்பின் தலைவராக இருந்த ரீமர் வான் டெர் வெல்ட, பயிற்சியாளர் ஃபாப்ப டி ஹான் இருவரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தார்கள்: இது ஒரு சிற்றூரின் கிளப்பாக இருக்கக்கூடாது, ஒரு மாகாணத்தின் கிளப்பாக இருக்க வேண்டும். ஃப்ரிஸ்லாந்துக்குத் தனி மொழி உண்டு, தனிக் கொடி உண்டு. கொடியில் நீல வெள்ளைப் பட்டைகளும் சிவப்பு இலைகளும் இருக்கும். பார்ப்பவர்கள் இதயம் என்று நினைத்துவிடுவார்கள். அவை அல்லி இலைகள். அந்தக் கொடியையே கிளப் சட்டையாக அணிகிறது. ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் முன்பு ஃப்ரிஸ்லாந்தின் கீதம் ஒலிக்கிறது. தாத்தாவும் பேத்தியும் பக்கத்துப் பக்கத்தில் எழுந்து நின்று ஃப்ரீசிய மொழியில் பாடுகிறார்கள். எதிரணி ஆட்டக்காரர்கள் வரிசையில் நின்று காத்திருக்கிறார்கள். பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் இரண்டாம் இடத்தில் நிற்கும் ஒரு மொழிக்கு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருபதாயிரம் குரல்கள் கிடைக்கின்றன. அந்த உணர்வுக்கு லீக் பட்டியலில் எத்தனையாவது இடம் என்பது முக்கியமே இல்லை.

ஆட்டக்காரர்கள்? வான் நிஸ்டல்ரோய் ஒரே சீசன் ஆடிவிட்டு 1998இல் பிஎஸ்விக்குப் போனார். டோமசன் நியூகாசிலுக்கு, ஹுன்டலார் அயாக்ஸுக்கு. அஃபோன்சோ ஆல்வஸ் 2007இல் ஹெராக்கிளிஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஏழு கோல் அடித்தார். அடுத்த ஜனவரியில் மிடில்ஸ்பரோவுக்கு விற்கப்பட்டார். ஒவ்வொருவரும் விற்கப்பட்ட பிறகும் ஹேரன்வேன் ரசிகர்கள் சீசன் டிக்கெட்டைப் புதுப்பித்தார்கள். அவர்கள் வாங்கியது ஆல்வஸைப் பார்ப்பதற்கான டிக்கெட் இல்லை. ஃப்ரிஸ்லாந்தோடு சேர்ந்து உட்காருவதற்கான டிக்கெட். க்ரோனிங்கனிலும் இதே கதைதான்: ராபன், சுவாரஸ், வான் டைக் என்று உலகத்தரமான மூவர் அந்த ஊரைக் கடந்துதான் போனார்கள். அரங்கம் அங்கேயே இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது.

வளர்ச்சிக்கு விலையும் உண்டு. ட்வென்டே அதற்கு வேதனையான உதாரணம். ஜெர்மன் எல்லையோரம், ஜவுளி ஆலைகள் மூடிய பிறகு சோர்ந்துபோன என்ஸ்கெடே நகரத்துக் கிளப் அது. 1998இல் பதின்மூன்றாயிரம் பேருக்கான அரங்கம். 2008இல் இருபத்து நான்காயிரம். 2010இல் ஸ்டீவ் மெக்லாரன் பயிற்சியில் வரலாற்றிலேயே முதல் முறையாக லீக் பட்டம். உடனே முப்பதாயிரமாக்கும் வேலை. 2011 ஜூலையில் அந்தக் கட்டுமானத்தின்போது கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்து தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். அதன்பின் பணப் பிரச்சினை. ஆட்டக்காரர்களை விற்கும்போது வரும் பணத்தில் பங்கு தருவது தொடர்பாக முதலீட்டாளரோடு செய்த ஒப்பந்தத்தின் பகுதிகளை மறைத்ததற்காக, மூன்று ஆண்டுகள் ஐரோப்பியப் போட்டிகளில் ஆடத் தடை. 2018இல் லீக் பட்டியலில் கடைசியாக முடித்து, இரண்டாம் நிலை லீக்குக்கு இறக்கம்.

சரி, இறங்கிய பிறகு கூட்டம் என்ன ஆனது? இதுதான் என்னைப் பொறுத்தவரை உண்மையான சோதனை. ட்வென்டே இரண்டாம் நிலையில் ஆடிய சீசனில், வெள்ளிக்கிழமை இரவுகளில் சின்னச் சின்ன அணிகளுக்கு எதிராகக்கூட, சராசரியாக இருபதாயிரத்துக்கு மேல் வந்தார்கள். முதல்நிலையில் உள்ள பெரும்பாலான கிளப்களுக்கே அந்த எண் கிடையாது. ஒரே சீசனில் மேலே திரும்பினார்கள். க்ரோனிங்கன் 2023இல் இறங்கி, 2024 மே மாதம் கடைசி நாள் ஆட்டத்தில் நிறைந்த அரங்கில் ரோடா அணியை 2-0 என்று வென்று மேலே வந்தது. ஃபெயனோர்ட் இறங்கவில்லை, ஆனால் 2010 அக்டோபரில் பிஎஸ்வியிடம் 10-0 என்று தோற்றது. கடனில் மூழ்கியிருந்த கிளப், பத்தொன்பது இருபது வயதுப் பையன்களை வைத்து ஆடியது. அந்த சீசனிலும் ரோட்டர்டாமில் கூட்டம் நாற்பதாயிரத்தை ஒட்டியே இருந்தது. ஒரு கிளப்பின் கூட்டம் வளர்ந்திருக்கிறதா, அல்லது நல்ல நாளுக்கு மட்டும் வந்துபோகிறதா என்பது இப்படிப்பட்ட வருடங்களில் தெரிந்துவிடும்.

இனி எண்களைப் பற்றி. லீக் சராசரி என்று ஒரே எண்ணைக் காட்டி "இந்த வருடம் ஏறியது", "போன வருடம் இறங்கியது" என்று எழுதுவார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். லீக்கில் 18 அணிகள், 34 சுற்றுகள், மொத்தம் 306 ஆட்டங்கள். அயாக்ஸ், ஃபெயனோர்ட், பிஎஸ்வி மூன்றும் தங்கள் அரங்குகளை ஏறத்தாழ நிறைத்துவிடுகின்றன: முறையே ஐம்பத்தைந்தாயிரம், நாற்பத்தேழாயிரம், முப்பத்தைந்தாயிரம் அளவில். லீக் சராசரி 19 ஆயிரத்துச் சொச்சம் என்றால், இந்த மூன்றையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் மற்ற பதினைந்துக்கும் பதினான்காயிரம் அளவில்தான் வரும். இரண்டு வேறு உலகங்களை ஒரே சராசரிக்குள் போட்டுப் பார்க்கிறோம்.

அதைவிட முக்கியம், யார் ஏறினார்கள் யார் இறங்கினார்கள் என்பது. 2023இல் க்ரோனிங்கன் இறங்கியது. அதன் அரங்கம் 22,500 பேருக்கானது. அதே கோடையில் அல்மேர சிட்டி முதல் முறையாக மேலே வந்தது. அரங்கம் நான்காயிரத்து ஐந்நூறு அளவு. இரண்டும் முழுதாக நிறைந்தாலும் வித்தியாசம் பதினெட்டாயிரம். பதினெட்டு அணிகளுக்கு வகுத்தால், இந்த ஒரே மாற்றத்தால் லீக் சராசரி ஆயிரம் குறையும். நாட்டில் ஒரு ரசிகர்கூட ஆர்வம் இழந்திருக்க மாட்டார்! 2025இல் டெல்ஸ்டார், எக்செல்சியர், வோலண்டம் என்று சிறிய அரங்குகள் கொண்ட மூன்று கிளப்கள் மேலே வந்தன. டெல்ஸ்டார் 1978க்குப் பிறகு முதல் முறையாக வந்தது; மூவாயிரத்துச் சொச்சம் பேர் அமரும் இடம். அந்த ஊர்க்காரர்களுக்கு அது பெரிய திருவிழா. சராசரியில் மட்டும் அது சரிவுபோலத் தெரியும். அதனால் லீக் சராசரியைவிட, தொடர்ந்து முதல்நிலையில் இருக்கும் அதே பத்துப் பன்னிரண்டு கிளப்களை மட்டும் எடுத்து, அரங்கில் எத்தனை சதவீதம் நிறைகிறது என்று பார்ப்பதே சரி.

இன்னொரு விஷயம்: அறிவிக்கப்படும் எண்ணிக்கையில் விற்ற டிக்கெட்டும் சேர்ந்திருக்கலாம், உள்ளே வந்த தலைகள் மட்டும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் வராமல் வீட்டில் இருந்தாலும் கணக்கில் இருப்பார். அதேபோல் கொரோனாக் காலத்தை வரைபடத்திலிருந்து நீக்கிவிடுங்கள். 2020 ஏப்ரலில் சீசன் பாதியில் கைவிடப்பட்டது, சாம்பியனே அறிவிக்கப்படவில்லை; அடுத்த சீசன் பெரும்பாலும் காலி அரங்குகளில் நடந்தது. அந்த எண்களை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிடவே கூடாது.

மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால்தான் டச்சுக்காரர்கள் சாதித்தது புரியும். ஆட்டத்துக்கு 19 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு சீசனில் ஏறக்குறைய 58 லட்சம் டிக்கெட்டுகள். நாட்டின் மக்கள்தொகை 1.8 கோடி. ஐரோப்பாவில் கூட்டத்துக்குப் பேர்போன ஜெர்மனியிலும் முதல்நிலையில் 306 ஆட்டங்கள்தான். ஆட்டத்துக்கு நாற்பதாயிரம் என்று வைத்தாலும் 1.2 கோடி டிக்கெட்டுகள், மக்கள்தொகை எட்டுக் கோடிக்கு மேல். தலைக்கு என்று கணக்கிட்டால் நெதர்லாந்து இரண்டு மடங்குக்கு மேல். ஜெர்மனியின் இரண்டாம் நிலைக் கூட்டம் மிகப் பெரியது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைச் சேர்த்தால் இடைவெளி குறையும்.

இந்தக் கூட்டம் கிளப்களுக்கு வெறும் பெருமை இல்லை, சாப்பாடு. 2012இல் ஃபாக்ஸ் நிறுவனம் 12 ஆண்டுகளுக்கு நூறு கோடி யூரோ என்று டிவி உரிமைக்கு ஒப்பந்தம் போட்டபோது நெதர்லாந்தில் அதைப் பெரிய விஷயமாகக் கொண்டாடினார்கள். வருடத்துக்கு எட்டுக் கோடி சொச்சம், அதையும் பதினெட்டு அணிகள் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் கடைசி இடத்தில் முடிக்கும் ஒரு கிளப்புக்கே வருடத்துக்குப் பத்துக் கோடி பவுண்டு கிடைக்கிறது. அதனால் டிக்கெட், அரங்கத்துக்குள் விற்பனை, உள்ளூர் வியாபாரிகள் வாங்கும் விலையுயர்ந்த இருக்கைகள், ஆட்டக்காரர் விற்பனை இவற்றில்தான் பெரும்பாலான டச்சுக் கிளப்களின் வண்டி ஓடுகிறது.

இனியும் வளருமா என்ற பகுதிக்கு வருகிறேன். பெரிய கிளப்களில் ஆர்வம் வளரலாம், எண்ணிக்கை வளராது. இடம் இல்லை. ஃபெயனோர்டின் அரங்கம் 1937இல் திறந்தது. மக்கள் அதை 'டி காய்ப்' என்பார்கள். சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருக்கிறார்கள். மாஸ் ஆற்றங்கரையில் 63 ஆயிரம் பேருக்கான புது அரங்கம் கட்டும் திட்டம் பல வருடப் பேச்சுக்குப் பிறகு, செலவு கட்டுக்குள் நிற்காமல் 2022இல் கைவிடப்பட்டது. ரசிகர்களிலேயே பலர் அதை எதிர்த்தார்கள் என்பது முக்கியம்: கேலரி குலுங்கும் அந்தப் பழைய கிண்ணத்தை விட்டுப் போக அவர்களுக்கு மனமில்லை. அவர்கள் பக்கம்தான் நான். ஆனால் அதன் விளைவு, நாற்பத்தேழாயிரத்தோடு வளர்ச்சி நின்றுவிட்டது.

டெவென்டர் நகரத்து கோ அஹெட் ஈகிள்ஸ் இன்னொரு வகைச் சிக்கல். அரங்கம் வீட்டு வரிசைகளுக்கு நடுவே இருக்கிறது; விளக்குக் கம்பங்கள் ஓட்டுக் கூரைகளுக்கு மேலே தெரியும். ஆட்ட நாளில் சைக்கிள்கள் தெருவை அடைத்து நிற்கும். 2025 ஏப்ரலில் ஏசட்டைப் பெனால்டியில் வென்று நாட்டின் கோப்பையையே தூக்கிய கிளப்புக்கு, பத்தாயிரம் பேர் அளவுக்குத்தான் இடம். கேலரியை உயர்த்தினால் எதிர்வீட்டுக்கு வெயில் போய்விடும். ஊருக்கு வெளியே கட்டினால் அந்தத் தெரு செத்துவிடும், அதோடு கிளப்பின் பாதி உயிரும்.

போலீஸ் இன்னொரு தடை. நெதர்லாந்தில் ஆட்டத்துக்கு அனுமதி தருவது நகர மேயர். போலீஸ் போதாது என்றால் நேரம் மாறும், வெளியூர் ரசிகர்கள் தடுக்கப்படுவார்கள், ஆட்டமே தள்ளிப்போகும். அயாக்ஸ்-ஃபெயனோர்ட் ஆட்டங்களில் 2009 முதல் வெளியூர் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. 2023 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமில் அதே ஆட்டம், கேலரியிலிருந்து வந்த பட்டாசால் 0-3 என்ற நிலையில் நிறுத்தப்பட்டு, மீதி நேரம் சில நாள் கழித்து ஆளில்லா அரங்கில் நடந்தது. 2024 செப்டம்பரில் போலீஸ் வேலைநிறுத்தத்தால் தேதியே மாறியது. வன்முறை 1989 அளவுக்கு இல்லை. முழுதாக ஒழியவும் இல்லை. வெளியூர் ஆட்டத்துக்குக் கிளப் ஏற்பாடு செய்யும் பேருந்தில்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் பல ஆட்டங்களுக்கு உண்டு. ஒழுங்காக வரும் ஒரு குடும்பத்தை அது விரட்டிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் வளர்ச்சிக்கு இடம் எங்கே? நடுத்தரக் கிளப்களில். லேவார்டன் நகரத்து கம்பூர் பத்தாயிரம் பேருக்கான பழைய இடத்தை விட்டு 2024இல் பதினையாயிரம் பேருக்கான புது அரங்கத்துக்குப் போனது, அதுவும் இரண்டாம் நிலையில் இருந்தபோதே. ஏசட் தன் அரங்கத்தைக் கூட்டியிருக்கிறது. 2019 ஆகஸ்டில் காற்றில் கூரையின் ஒரு பகுதி விழுந்த பிறகு (நல்லவேளையாக உள்ளே யாரும் இல்லை) சீரமைத்தபோதே அதையும் செய்தார்கள். ஹேரன்வேனில் இடம் உண்டு, இப்போது முன்புபோல் நிறைவதில்லை. லீக்கின் அடுத்த பத்தாண்டுச் சராசரியைத் தீர்மானிக்கப் போவது ஆம்ஸ்டர்டாமோ ரோட்டர்டாமோ இல்லை. ஹேரன்வேனின் காலி இருக்கைகளுக்கு ஃப்ரிஸ்லாந்துப் பிள்ளைகள் திரும்ப வருகிறார்களா, கம்பூர் மேலே ஏறி நிலைக்கிறதா, க்ரோனிங்கனும் ட்வென்டேயும் இனி இறங்காமல் இருக்கிறார்களா என்பவைதான் தீர்மானிக்கும். அடுத்த சீசன் தொடங்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்த நான்கு ஊர்களின் சீசன் டிக்கெட் விற்பனையைத்தான்.